படலம் மெலிந்தால் டி.ஜி. ஏன் இறங்குகிறது?

கே: மெல்லிய கேரி பேக் சூடு பட்டதும் இளகிவிடுகிறது. பாலிமர் படலம் மெலிந்தால் டி.ஜி. குறையும் என்கிறார்களே, அதனாலா? (கடைக்காரர், கொழிஞ்சாம்பாறை)

இல்லை. 50 மைக்ரான் பை என்றால் 50,000 நானோமீட்டர். டி.ஜி., அதாவது கண்ணாடிபோல் விறைத்த பாலிமர் இளகும் வெப்பநிலை, பாலிஸ்டைரீனில் இறங்க ஆரம்பிப்பதே சுமார் 40 நானோமீட்டருக்குக் கீழேதான். பாலித்தீனின் டி.ஜி. பூஜ்யத்துக்கும் வெகு கீழே. பை இளகுவது 100 டிகிரிக்குச் சற்று மேலே அதன் படிகங்கள் உருகுவதால். மெல்லிய பை சட்டென்று சூடேறும், அவ்வளவுதான்.

கே: எவ்வளவு குறையும், ஏன்? (எம்.எஸ்ஸி. மாணவி, சித்தூர், பாலக்காடு)

1994-இல் கெடி, ஜோன்ஸ், கோரி மூவரும் சிலிக்கான் மேல் பாலிஸ்டைரீன் படலம் பூசி, எலிப்சோமீட்டரில், அதாவது ஒளியை வைத்துப் படலத்தின் தடிமனை அளக்கும் கருவியில், அளந்தார்கள். வெப்பநிலை மாற மாறப் படலத்தின் தடிமனும் மாறும். அந்தக் கோட்டின் சாய்வு எங்கே மடங்குகிறதோ அதுதான் டி.ஜி. கட்டியான பாலிஸ்டைரீனுக்கு அது சுமார் 100 டிகிரி. அவர்கள் தந்த சூத்திரப்படி 20 நானோமீட்டரில் ஏறக்குறைய 14 டிகிரி இறங்கும்.

காரணம் மேற்பரப்பு. நெரிசலான பஸ்ஸில் படிக்கட்டில் நிற்பவருக்கு ஒரு பக்கம் காலி. காற்றை ஒட்டிய மூலக்கூறுகளுக்கும் அப்படித்தான், அசைய இடம் கிடைக்கிறது. 2003-இல் எலிசனும் டார்கல்சனும் தடித்த படலத்தின் மேல் 14 நானோமீட்டரை மட்டும் ஒளிரும் மூலக்கூறு சேர்த்துக் கவனித்தார்கள். அந்த அடுக்கின் டி.ஜி. 32 டிகிரி குறைவு! அடியில் தாங்கல் இல்லாத படலத்துக்கு இரண்டு பக்கமும் காற்று. 1996-இல் வேறொரு குழுவினர் அப்படிப்பட்ட 29 நானோமீட்டர் பாலிஸ்டைரீன் படலத்தில் 70 டிகிரி இறக்கம் கண்டார்கள். அதாவது டி.ஜி. 30 டிகிரியை ஒட்டி வந்துவிடுகிறது. நம் பாலக்காட்டுச் சித்திரை வெயிலில் அது கண்ணாடியாகவே இருக்காது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த முடிவே இதுதான். முழு விளக்கத்தில் இன்னும் விவாதம் நடக்கிறது.

கே: எல்லாப் பாலிமரும் அப்படியா? (ஆசிரியர், மூணாறு)

இல்லை. ஆக்சைடு படிந்த சிலிக்கான் மேல் பி.எம்.எம்.ஏ., அதாவது அக்ரிலிக் பிளாஸ்டிக், பூசினால் டி.ஜி. கொஞ்சம் ஏறும். அங்கே ஹைட்ரஜன் பிணைப்பு மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்கிறது. அதையே தங்கத்தின் மேல் பூசினால் இறங்கும்.

கே: டி.ஜி. அளந்தால் ஒவ்வொரு தடவையும் வேறு எண் வருகிறது. (ஆய்வு மாணவர், கஞ்சிக்கோடு)

முதலில், பாலிமரைக் கரைத்துப் பூச உதவிய டொலுயீன் கரைப்பானின் மிச்சத்தைச் சந்தேகியுங்கள். அது தங்கினாலே டி.ஜி. இறங்கும். வெற்றிடத்தில், டி.ஜி.க்கு மேல் வைத்துப் பதப்படுத்துங்கள். பி.எம்.எம்.ஏ. என்றால் இடவப்பாதி மழையின் ஈரமும் விளையாடும். அப்புறம், குளிர்விக்கும் வேகம். வேகமாகக் குளிர்வித்தால் மெல்லிய படலத்துக்கும் தடித்ததற்கும் உள்ள வித்தியாசமே சுருங்கிவிடும். நிமிடத்துக்கு எத்தனை டிகிரி என்பதை ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் எழுதி வையுங்கள்.