பதவி போன பயிற்சியாளர் எங்கிருந்து மீண்டும் கற்கத் தொடங்குவது?

அணி தோற்று வேலையும் போன ஒரு பயிற்சியாளர், மறுபடி கற்றுக்கொண்டு பிள்ளைகளை நடத்திச் செல்வது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அந்த நிலையைக் கடந்து வந்தவன். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எனக்கு ஊர். ஒரு பள்ளியில் ஆறு ஆண்டுகள் வாலிபால் பயிற்றுவித்தேன். அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் முதல் சுற்றிலேயே தோற்றதும், விடுமுறை முடிந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளிடம் முனைப்பு போதவில்லை என்றே பல மாதங்கள் நம்பியிருந்தேன்.

பிறகு ஊர் மைதானத்தில் மாலை வேளையில் பயிற்சி கொடுத்துவந்த ஒரு பெரியவரிடம் உதவிக்குச் சேர்ந்தேன். பந்து பொறுக்கிப் போடுவதும் புள்ளி எழுதுவதும்தான் வேலை. பேசும் பொறுப்பு இல்லாததால் முதன்முறையாக ஆட்டத்தை முழுவதும் பார்க்க முடிந்தது. ஆடி மாதத்தில் கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று, மேலே எழும்பிய பந்தை எங்கோ கொண்டுபோய்விடும். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சர்வீஸ் போடுமுன் ஒரு பிடி புழுதியை எடுத்து, விரலிடுக்கில் நழுவவிட்டுப் பார்த்துக்கொண்டான். நானோ ஆறு ஆண்டுகளும் எல்லோரையும் ஒரே உயரத்தில் அடிக்கச் சொல்லி வந்தவன்.

ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளிடம் பேச, ஒரு செட்டில் அணிக்கு இரண்டு டைம் அவுட், ஒவ்வொன்றும் 30 விநாடி. முன்பு அதை முழுவதும் நானே பேசித் தீர்ப்பேன், அதுவும் மலையாளத்தில். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் தலையை மட்டும் ஆட்டுவார்கள். பெரியவர், அடிப்பவருக்குப் பந்தை எடுத்துக் கொடுக்கும் செட்டரைப் பார்த்து, "உனக்கு என்னப்பா தோணுது?" என்று கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார்.

தோல்வியிலிருந்து கற்பது என்றால் எனக்கு நினைவுக்கு வருபவர் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரகீம். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அவர் பயிற்றுவித்த இந்தியக் கால்பந்து அணி முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 எனத் தோற்றது. இடையில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. ரகீம் அவரை முன்கள வீரராக இறக்கினார். இறுதியாட்டத்தில் அதே கொரியாவை 2-1 என வென்றபோது ஒரு கோல் ஜர்னைலுடையது. இருந்த வீரர்களையே அவர் வேறு கண்ணால் பார்த்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஆகவே ஒரு பருவமாவது இன்னொருவருக்குக் கீழே வேலை செய்யுங்கள் என்பேன். வேலை போன காரணத்தையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். பெரியவருக்கு முழங்கால் முடியாமல் போய்ப் பொறுப்பு என்னிடம் வந்தபோது, பெண் பிள்ளைகளுக்கெனத் தனி ஆடுகளம் அமைத்திருந்தேன். ஒரு நாள் பழைய பள்ளியில் நடந்ததை அவர்களிடம் சொன்னேன். அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "சார், இந்தப் பக்கம் நின்னா சாயங்கால வெயில் கண்ணுல அடிக்குது, பந்தே தெரியறதில்லை" என்றாள். களம் கிழக்கு மேற்காக அமையும்படி கம்பம் நட்டவன் நானே. மறுநாள் காலையில் எல்லோருமாகச் சேர்ந்து கம்பங்களைப் பிடுங்கி, களத்தை வடக்கு தெற்காகத் திருப்பினோம்.