மேலே அனல், கீழே ஓதம்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி மொட்டை மாடியைப் பற்றித்தான். வெயில் காலத்தில் வேறு எதைக் கேட்பார்கள்? பதில்களில் என் அனுபவம் கொஞ்சம், ஏற்கெனவே பட்டுத் தெரிந்துகொண்ட வாசகர்கள் எழுதியனுப்பியது நிறைய. எந்தக் கம்பெனி வாங்கலாம் என்று பெயர் கேட்டு எழுதியவர்கள் மன்னிக்கவும், அதை இந்தப் பகுதியில் சொல்வதில்லை.

மூன்று வருடத்துக்கு முன் கட்டிய வீடு. மாடி அறையில் ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேனைப் போட்டால் அனல்தான் இறங்குகிறது. வெள்ளை பெயின்ட், கூல் டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைச் செய்வது?
*- வாசகி, திருச்சி*

முதலில் கொத்தனாரிடம் ஒன்று கேளுங்கள் அம்மா: தளத்துக்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்தாரா, இல்லை வெறும் சிமென்ட் பூச்சோடு விட்டுவிட்டாரா? பழைய வீடுகளில் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் நாலு அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து, வரிசையாக உட்கார்ந்து கட்டையால் அடித்து இறுக்குவார்கள். மழைத் தண்ணீர் வழிந்தோட வாட்டம் கொடுப்பதோடு, வெயில் நேராகக் காங்கிரீட்டில் இறங்காமல் அது பார்த்துக்கொள்ளும். இப்போது கட்டும் பல வீடுகளில் இந்த வேலையைத்தான் முதலில் வெட்டுகிறார்கள், ஏனென்றால் கிரகப்பிரவேசத்துக்கு வருகிறவர் யாரும் மொட்டை மாடியில் ஏறி ஓடு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

காங்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடித்து வைத்துக்கொண்டு, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாக உள்ளே விடுகிறது. அதனால்தான் வெளியே காற்று குளிர்ந்த பிறகும் உங்கள் அறை கொதிக்கிறது. ஃபேன் சீலிங்கை ஒட்டியுள்ள சூட்டுக் காற்றைக் கீழே தள்ளுகிறது, அவ்வளவுதான், அதன் மேல் குற்றமில்லை. ஆக, சூடு தளத்துக்குள் ஏறாமல் மேலேயே தடுக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங் உள்பக்கம் போடுவது. தளம் சூடாவதை அது தடுக்காது, இரண்டுக்கும் நடுவே வெப்பத் தடுப்புப் பாய் எதுவும் வைக்காவிட்டால் பலன் சொற்பம், அப்புறம் தளம் ஒழுகினாலும் பலகை உப்பும்வரை உங்களுக்குத் தெரியவே தெரியாது.

செலவு குறைந்தது வெள்ளைப் பூச்சு. தளம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, விரிசல்களை அடைத்த பிறகு, இரண்டு கோட் அடிக்க வேண்டும். மாசி மாதத்திலேயே செய்திருந்தால் நல்லது, பரவாயில்லை, இப்போதும் அடிக்கலாம். எங்கள் வீட்டில் அடித்ததும் மதிய நேரத்தில் மாடி அறைத் தெர்மாமீட்டர் மூன்று டிகிரி குறைத்துக் காட்டியது. ஆனால் அடுத்த வருடம் தூசி படிந்து சாம்பல் நிறமானதும் அந்த மூன்று ஒன்றரை ஆகிவிட்டது, கழுவிய பிறகுதான் திரும்பி வந்தது. வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் சூடு குறையும், செலவு இன்னும் கம்மி, ஆனால் ஒரு ஐப்பசி மழையோடு போய்விடும். வெள்ளைப் பூச்சு மழைக்காலத்தில் வழுக்கும், துணி காயப்போடப் போகிறவர்கள் ஜாக்கிரதை.

வெயிலைத் திருப்பியனுப்புகிற கூல் டைல்ஸ் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் டைல்ஸும் அதற்கடியில் போடும் கலவையும் சேர்ந்து தளத்தின் மேல் நல்ல பாரம் ஏற்றும். உங்களுடையது புது வீடு, போடலாம், இருந்தாலும் வரைபடம் போட்ட பொறியாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். முப்பது வருட வீடாக இருந்தால் கேட்காமல் செய்யவே கூடாது. ஒட்டுவதற்கு முன் தளத்தில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டு, கீழே கசிகிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். டைல்ஸை ஒட்டிய பிறகு ஒழுகினால் தண்ணீர் எங்கே இறங்குகிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி டைல்ஸைப் பெயர்த்துவிடுவார்கள்.

ராசிபுரத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவர் ஒன்றுமே வாங்கவில்லை. நாலு மூங்கில் நட்டு, தென்னங்கீற்றில் ஏழடி உயரத்தில் பந்தல் போட்டார், படுக்கை அறைக்கு மேலே மட்டும். நிழலும் கீழே ஓடுகிற காற்றும் சேர்ந்து தளத்தைச் சூடேற விடுவதில்லை. கீற்று இரண்டு வருடம் தாங்கும், பட்டாசுக் காலத்தில் மட்டும் கவனம் என்கிறார். எனக்கு இது பிடித்திருக்கிறது. சாயங்காலம் தளத்தில் பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: அந்தக் குளிர்ச்சி ஒரு மணி நேரம் நின்றால் அதிகம், விரிசல் இருந்தால் ஒழுகலை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

போர்வெல் தண்ணீர்தான். கீசரில் இரண்டு வருடத்துக்கொரு முறை காயில் போகிறது. இப்போது கீசர் ஓடும்போது பாத்ரூம் குழாயைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்கிறது. புது கீசர் வாங்கிவிடலாமா?
*- வாசகர், திருப்பூர்*

சார், இதைப் படித்ததும் முதலில் அந்த கீசரின் ஸ்விட்சை அணைத்துவிட்டு வாருங்கள். மெயினிலும் அணையுங்கள். லேசாகச் சுர்ரென்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், ஈரக் காலோடு நிற்கிறவருக்கு அது லேசாகவே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காயிலைச் சுற்றி உப்புப் படிவு கட்டியாக உட்கார்ந்ததும் சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் காயிலுக்குள்ளேயே தங்குகிறது, மேலுறை வெடிக்கிறது, மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. எர்த் சரியாக இருந்தால் அது மண்ணுக்குப் போயிருக்கும். உங்கள் கைக்கு வருகிறது என்றால் எர்த்தும் சரியில்லை. ஆகவே புது கீசர் வாங்கினாலும் பாதிப் பிரச்சினை சுவரிலேயே இருக்கும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்துச் சரிசெய்யச் சொல்லுங்கள். கூடவே, மின்கசிவு கண்டதும் லைனை வெட்டிவிடுகிற 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போடச் சொல்லுங்கள். ‘எம்.சி.பி. இருக்கிறதே’ என்பார்கள். எம்.சி.பி. அதிக லோடுக்கும் ஷார்ட்டுக்கும்தான் விழும், மனிதன் வழியாகப் போகிற சின்னக் கசிவு அதற்குத் தெரியாது. ஆர்.சி.சி.பி.க்கு அதுதான் வேலை. அதன் மேல் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும், மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள், அழுத்தியும் விழாவிட்டால் மாற்றுங்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம். டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்த்தேன், 900 காட்டியது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் மொத்த உப்பைச் சொல்லும், கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. கீசரைக் கெடுப்பது கால்சியமும் மெக்னீசியமும்தான். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீரே இல்லையென்றால் 600 வரை. ஒரு பாட்டிலில் பிடித்துத் தண்ணீர் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பாருங்கள். அதிகமாக இருந்தால் தொட்டியிலிருந்து பாத்ரூமுக்கும் வாஷிங் மெஷினுக்கும் போகும் லைனில் கடினத்தன்மையைக் குறைக்கிற சாஃப்ட்னர் வைக்கலாம். உள்ளேயுள்ள ரெசின் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும், அவ்வப்போது உப்புப் போட்டுக் கழுவ வேண்டும். ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விடுவதால் டி.டி.எஸ். குறையாது, குறையவில்லையே என்று விற்றவரோடு சண்டைக்குப் போக வேண்டாம். சமையலறைக் குழாய்க்கு மட்டும் அதில் சேராமல் தனி லைன் எடுங்கள், முக்கியமாக வீட்டில் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இருந்தால். காந்தத்தைக் குழாயில் கட்டினால் உப்பே படியாது என்று வாசலில் வந்து விற்கிறவரை மரியாதையாக அனுப்பிவிடுங்கள்.

வாங்கப்போகும் கீசரில் சூட்டை 60 டிகிரிக்குக் கீழே வையுங்கள், சூடு ஏற ஏறத்தான் படிவு வேகமாகக் கட்டும். உள்ளே மெக்னீசியக் கம்பி ஒன்று இருக்கும், தொட்டி துருப்பிடிக்காமல் தன்னையே கரைத்துக்கொள்கிற கம்பி அது. வருடம் ஒரு முறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சர்வீஸுக்கு வருகிறவர் தானாகச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும்.

குறைந்த மின்சாரத்தில் ஓடும் என்கிற பி.எல்.டி.சி. ஃபேன் விலை சாதா ஃபேனைப் போல இரண்டு மடங்காக இருக்கிறது. உண்மையிலேயே ஈ.பி. பில் குறையுமா, சும்மா விளம்பரமா?
*- வாசகர், மதுரை*

கணக்குப் போட்டுவிடலாம். சாதா ஃபேன் 75 வாட், இது முழு வேகத்தில் 30 வாட் பக்கம். மிச்சம் 45. ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட், ஒரு ஃபேனுக்கு. உங்கள் பில் 560 யூனிட் என்கிறீர்கள். இரண்டு ஃபேன் மாற்றினாலே 500க்குள் வந்துவிடுகிறது. இங்கேதான் விஷயம் இருக்கிறது: நம்மூர் மின்கட்டணத்தில் 500 யூனிட்டைத் தாண்டியவருக்கு 101லிருந்து 200 வரையுள்ள யூனிட்டுக்குக் கிடைக்கும் குறைந்த விலையும் சேர்ந்தே போய்விடும். அதனால் 498க்கும் 502க்கும் உள்ள வித்தியாசம் நாலு யூனிட் காசு இல்லை.

அதிகம் ஓடுகிற ஃபேனை முதலில் மாற்றுங்கள், விருந்தாளி அறையில் மாற்றிப் பிரயோஜனமில்லை. பழைய ரெகுலேட்டரைக் கழற்றச் சொல்லுங்கள், அதன் வழியாக ஓட்டினால் உள்ளேயுள்ள சர்க்யூட் கெடும். ரிமோட்டைச் சுவரில் மாட்டிவைக்க ஒரு இடமும் பாருங்கள். எங்கள் வீட்டு ரிமோட் சோஃபாவுக்கு அடியில் இருந்ததை நாங்கள் கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது.

மாடியில் சோலார் போட்டால் கரண்ட் போனாலும் லைட் எரியும்தானே?
*- வாசகி, விருதுநகர்*

எரியாது. பேட்டரி இல்லாமல் ஈ.பி. லைனோடு சேர்த்துப் போடுகிற சோலார், லைனில் கரண்ட் போன உடனே தானும் நின்றுவிடும், பட்டப்பகலாக இருந்தாலும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேன் மேல் உங்கள் வீட்டு மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். போட்டு முடித்துப் பணமும் கொடுத்த பிறகு இது தெரியவந்து ஏமாந்ததாக எழுதியவர்கள் மூன்று பேர். கரண்ட் போகும் நேரத்துக்கு இப்போதிருக்கும் இன்வெர்ட்டரை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி லாபம்தான். 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 யூனிட் வரும், 100 சதுர அடி நிழல் விழாத இடம் வேண்டும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2க்கு 60,000, 3க்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று மானியம் நிர்ணயித்தார்கள். தண்ணீர்த் தொட்டியின் நிழல் பலகையில் விழுகிறதா என்று காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ஏறிப் பாருங்கள். ஸ்டாண்டை ஆள் நடக்கும் உயரத்துக்குப் போடச் சொல்லுங்கள், கொஞ்சம் கூடச் செலவாகும், ஆனால் கீழே தளத்துக்கு நிழல் கிடைக்கும், நிழலில் உலர்த்த வேண்டியதையும் அங்கேயே பரப்பலாம். திருச்சி அம்மாவும் இதை யோசிக்கலாம்.

ஹால் சுவரில் கீழே மூன்றடிக்கு உப்புப் பூத்து பெயின்ட் உதிர்கிறது. இரண்டு முறை பட்டி பார்த்து அடித்தாகிவிட்டது. டைல்ஸ் ஒட்டி மறைத்துவிடலாம் என்கிறார் பெயின்டர்.
*- வாசகர், கும்பகோணம்*

தம்பி, வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன். எங்கள் பழைய வீட்டில் நாலடிக்கு டைல்ஸ் ஒட்டினேன், அழகாகத்தான் இருந்தது. ஒன்றரை வருடத்தில் டைல்ஸுக்கு மேலே, ஐந்தடியில் ஓதம் எட்டிப் பார்த்தது. அஸ்திவாரத்திலிருந்து செங்கல் வழியாக ஏறுகிற ஈரம் சுவரின் இரண்டு முகத்திலும் காய்ந்து வெளியேற வேண்டும், ஒரு முகத்தை மூடினால் மேலே ஏறிக் காய இடம் தேடுகிறது. வாட்டர்ப்ரூஃப் பெயின்டும் இதையேதான் செய்யும், கொஞ்சம் தாமதமாக. எங்களுக்கு டைல்ஸ் ஒட்டிக் கொடுத்தவரிடம் கேட்டேன், ‘இன்னும் ரெண்டடி ஏத்திரலாம் சார்’ என்றார்.

முதலில் வெளிப்பக்கம் போய்ப் பாருங்கள். சுவரை ஒட்டிச் செடிப் பாத்தி இருக்கிறதா, கழிவுநீர்க் குழாய் கசிகிறதா, தெருவை மேலே மேலே உயர்த்தி உங்கள் தரை பள்ளமாகிவிட்டதா? இதில் எதுவானாலும் அதைச் சரிசெய்யாமல் உள்ளே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காதீர்கள். அப்புறம் உப்புப் பிடித்த பூச்சை, கறை தெரிகிற உயரத்துக்கு மேலும் ஒன்றரையடி சேர்த்துக் கொத்தி எடுத்து, செங்கல் தெரிய ஒரு கோடை முழுக்கக் காய விடுங்கள். பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும், சொந்தக்காரர்கள் கேட்பார்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. சுவர் மூச்சு விடும்.

கிரைண்டரில் உளுந்து முன்போலப் பொங்கி வரவில்லை. கல்லைக் கொத்த ஆள் கிடைப்பதில்லை. புதிதாக வாங்கத்தான் வேண்டுமா?
*- வாசகி, ஈரோடு*

உங்களுக்குக் கோவை பக்கத்தில்தானே அம்மா! வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர். அங்கே கிரைண்டர் பழுது பார்க்கும் கடைகளில் விசாரியுங்கள், கல் கொத்தும் ஆள் இருப்பார். கொத்தி வந்ததும் ஒரு கைப்பிடி பழைய அரிசியை இரண்டு முறை அரைத்துக் கொட்டிவிடுங்கள், கல் துகள் போகட்டும். அதற்கு முன் பெல்ட்டைப் பாருங்கள், தொய்ந்திருந்தால் கல் சுற்றுவது போலத் தெரியும், பாரம் ஏறியதும் நழுவும், பெல்ட் விலை சில நூறு ரூபாய்தான். வெயில் காலத்தில் உளுந்தைக் குளிர்ந்த தண்ணீர் தெளித்து அரையுங்கள் என்று நான்கு வாசகிகள் எழுதியிருக்கிறார்கள், மாவு சூடானால் பொங்காதாம். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்கிறார்கள், இட்லியைப் பற்றி இதுவரை புகார் இல்லை.