கணினி விளையாட்டில் நம் அவதார், அதாவது திரையில் நமக்காக நிற்கும் உருவம், நம்மைப் போலவே இருக்க வேண்டுமா?

அவசியமில்லை. என்னுடையதற்குத் தொப்பை கிடையாது, தலை நிறைய முடி.

ஆனால் 'அது வெறும் பொம்மைதானே' என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிக் யீ, ஜெரமி பெய்லென்சன் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. மெய்நிகர் அறையில் உயரமான உருவம் கிடைத்தவர்கள் பணத்தைப் பங்குபோடும்போது கறாராகப் பேரம் பேசினார்கள். குட்டை உருவம் கிடைத்தவர்கள் நியாயமில்லாத பங்குக்கும் அதிகமாகத் தலையாட்டினார்கள். அழகான முகம் கிடைத்தவர்கள் எதிரில் இருந்தவருக்குக் கிட்டப் போய் நின்றார்கள். உருவத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் அவர்களே இல்லை, சும்மா கொடுக்கப்பட்டதுதான். இதற்கு 'புரோட்டியஸ் விளைவு' என்று பெயர் வைத்தார்கள்.

கொழும்பில் இருப்பவனுக்கு இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. இங்கே பெயரைச் சொன்னாலே நாம் எந்த இனத்து ஆட்கள் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். விளையாட்டுக்குள் ஒரு பட்டப்பெயர், ஒரு ஹெல்மெட், அவ்வளவுதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வெள்ளவத்தையிலிருந்து நான், மகரகமவிலிருந்தும் நீர்கொழும்பிலிருந்தும் முகம் தெரியாத சிலர், எல்லாரும் ஒரே அணி. மைக்கைப் போடும் வரைதான் இந்தச் சமத்துவம். என் சிங்களத்தில் தமிழ் வாடை நன்றாகவே அடிக்கும். ஒருநாள் ஒருவர் "மல்லி, தெமளத?" (தம்பி, தமிழா?) என்று சிங்களத்தில் கேட்டார். ஓம், தமிழ்தான் என்றேன். "சரி, அந்த மருந்துப் பெட்டியை எடு, பின்னால் ஆள் வருகிறான்" என்றார். எல்லாரும் இப்படி இருப்பதில்லை. அதற்குப் பிறகு வாயே திறக்காதவர்களும் உண்டு, கண்டபடி ஏசியவர்களும் உண்டு.

எங்கள் அணியில் கொட்டாஞ்சேனைத் தம்பி ஒருவன் தன் பெயரைத் தமிழ் எழுத்திலேயே வைத்திருக்கிறான். ஏன்டா வம்பு என்று கேட்டேன். "அவங்க சிங்களத்துல வைக்கிறாங்கதானே அண்ணா" என்றான். அவன் அவதார் நீல முடி வைத்த ரோபோ! என் கணக்கில் அவன்தான் தன்னைப் போலவே இருக்கிறான்.

அதற்காக இதை எல்லாருக்கும் சட்டமாக்க முடியாது. அக்காவின் மகள் எப்போதும் ஆண் உருவத்தைத்தான் எடுப்பாள், மைக்கைத் தொடவே மாட்டாள். பெண் குரல் கேட்டதும் சிலர் என்ன பேசுவார்கள் என்பது அங்கே விளையாடுகிற எவருக்கும் தெரியும். அவளிடம் போய் 'நீ நீயாகவே இரு' என்று சொல்ல எனக்கு வாய் வராது.