சிசேரியனுக்கு முதுகில் ஊசி போட்டால் தண்டுவடத்தில் குத்திவிடாதா?
எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் அக்காவுக்கு நாளை சிசேரியன், முதுகில் ஊசி என்றதும் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் பெரியவர்களுக்குத் தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதே இல்லை. சுமார் 45 செ.மீ. நீளம்; முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில் முடிந்துவிடும். அதற்குக் கீழே திரவத்துக்குள் நரம்பு வேர்கள் மட்டும் குதிரைவால் போலத் தொங்குகின்றன. ஊசி இறங்குவது பெரும்பாலும் 3, 4-ஆம் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு நடுவே. வேர்கள் பொதுவாக ஊசிக்கு விலகிக்கொடுக்கும். மருந்தில் அவை மரத்துப்போவதால், வழக்கமாக முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே தட்டினால் தானாக உதைக்கும் கால் அப்போது உதைக்காது. சில மணி நேரத்தில் சரியாகிவிடும்.

ஊசி இறங்கும்போது காலில் ஷாக் அடித்த மாதிரி இருந்தால், அக்கா அசையாமல் மயக்க மருத்துவரிடம் உடனே சொல்லட்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரானால் அதை இன்றே சொல்லிவிடுங்கள்.