ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது. தரம் குறையாமல் புகைப்படங்களின் அளவைக் குறைப்பது எப்படி?

நான் செய்த முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் 80 ஜிபி டிஸ்க். இடம் போதவில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாப் படங்களையும் 800க்கு 600 பிக்சல் (படத்தை உருவாக்கும் சின்னச் சின்னப் புள்ளிகள்) ஆக்கி, அதே பெயரில் சேமித்துவிட்டேன். திரையில் நன்றாகத்தான் தெரிந்தன. ஆச்சி இறந்தபோது மாலை போட ஒரு படம் வேண்டியிருந்தது. இருந்ததோ ஒரே ஒரு குடும்பப் படம். அதில் ஆச்சியின் முகம் 90 பிக்சல் அகலம். ஸ்டூடியோக்காரர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "உடையுது சார்" என்றார். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் என்பது கணக்கு. 90 பிக்சலை வைத்து என்ன செய்வது?

அதனால், மூலப் படங்களில் கை வைக்காதீர்கள். இன்னொரு டிஸ்க் வாங்கி அப்படியே நகர்த்திவிடுங்கள். சுருக்குவதெல்லாம் பிரதிகளில்தான்.

பிரதியிலும் பிக்சலை முதலில் குறையுங்கள், தரத்தை அப்புறம். 4000க்கு 3000 படத்தை 1920க்கு 1440 ஆக்கினால் பிக்சல்கள் கால் பங்குக்கும் கீழே போய்விடும். டிவியில் பார்க்க அது தாராளம். பிறகு ஜேபெக் (புகைப்படங்களைச் சுருக்கிச் சேமிக்கும் வழக்கமான கோப்பு வடிவம்) தரத்தை 100க்கு 85இல் வையுங்கள். 100க்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கோப்போ பாதிக்கும் கீழே வந்துவிடும். 60க்கு இறக்கினால் வானத்திலும் எழுத்தின் ஓரங்களிலும் கட்டம் கட்டமாகத் தெரிய ஆரம்பிக்கும். ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் சதுரங்களாக வெட்டித்தான் சுருக்குகிறது; அந்தக் கட்டங்கள்தான் இவை. இர்ஃபான்வியூ என்ற படம் பார்க்கும் மென்பொருள் வீட்டு உபயோகத்துக்கு இலவசம், அதில் பி (B) விசையை அழுத்தினால் நூற்றுக்கணக்கான படங்களை ஒரே மூச்சில் மாற்றலாம். வேறு ஃபோல்டரில் சேமிக்கச் சொல்ல மறக்காதீர்கள். (நான் மறந்தது அதைத்தான்.)

திறந்து பார்ப்பதாலோ காப்பி செய்வதாலோ படம் கெடாது. திருத்தித் திருத்தி ஜேபெக்காகச் சேமிக்கும்போதுதான் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் போகும். ஜிப் செய்வது வீண், ஏற்கெனவே சுருங்கியதுதானே! பிஎன்ஜி (PNG) என்ற இன்னொரு பட வடிவத்துக்கு மாற்றினால் கோப்பு இன்னும் பெருக்கும். அது ஸ்கிரீன்ஷாட்டுக்குச் சரி.

ஒன்று கேட்கிறேன், இடத்தை அடைப்பது படங்கள்தானா? பல ஃபோன்களில் ஒரு நிமிட 1080பி வீடியோவே 100 எம்பியைத் தாண்டும். கோப்புகளை அளவு வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். என் கம்ப்யூட்டரில் ஒரே காதுகுத்து வீடியோ நான்கு ஃபோல்டர்களில் இருந்தது.