வாஷிங்டனில் வானளாவிய கட்டடங்கள் ஏன் இல்லை? நாடாளுமன்றக் கட்டடத்தை மறைக்கக் கூடாது என்பதாலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மையில் தொடங்கி வைத்தது ஒரு குடியிருப்புத் தெருச் சண்டை. 1894-இல் சிறிய வீடுகளுக்கு நடுவே 'கெய்ரோ' என்ற அடுக்குமாடிக் கட்டடம் எழுந்தது. 164 அடி! அக்கம்பக்கத்தார் கொதித்துவிட்டார்கள். அந்தக் காலத்துத் தீயணைப்பு ஏணி அவ்வளவு உயரம் எட்டாது, பயம் நியாயம்தான்.

அப்புறம் 1899-இல் கட்டட உயரத்துக்கு வரம்பு வைக்கும் சட்டம் வந்தது, 1910-இல் திருத்தி எழுதினார்கள். தெருவின் அகலம்தான் உயரத்தைத் தீர்மானிக்கும். குடியிருப்புத் தெருவில் பொதுவாக அகலத்தைவிடப் 10 அடி குறைவாக, அதிகபட்சம் 90 அடி. இதனால் வீட்டு வாடகை ஏறுகிறது என்ற வாதத்தையும் ஒதுக்கிவிட முடியாது. கெய்ரோ? இன்றும் அங்கேயே நிற்கிறது.