பந்தலுக்குள் விழும் வெயில் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

இரண்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். போன வைகாசியில் ஒரு வீட்டுக் கல்யாணம். வாசலில் பந்தல், பாதி தென்னங்கீற்று, பாதி பச்சை வலை. முகூர்த்தம் 9 முதல் 10.30. மாப்பிள்ளையின் வேட்டி வெளுத்து நூல்கூடத் தெரியவில்லை, முகமோ கறுத்துவிட்டது. பெண்ணின் கன்னத்தில் வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்திருக்கிறது. சில படங்களில் முகமே பச்சை. 11.30க்குத் தென்னந்தோப்பில் ஜோடிப் படம் எடுத்தேன். கண்கள் குழியாகத் தெரிகின்றன. குடை போட்டு பிளாஷை ஹை ஸ்பீடு சிங்கில் (மிக வேகமான ஷட்டரிலும் பிளாஷ் அடிக்க வைக்கும் முறை) அடித்தால் வெளிச்சம் போதவில்லை, சூடாகி நின்றும்விட்டது. பெரிய பிளாஷ் வாங்கினால் சரியாகுமா? எடுத்த படங்களை என்ன செய்வது?

ர., மன்னார்குடி

அன்புள்ள ர.,

பெரிய பிளாஷ் இப்போது வேண்டாம். முதலில் 12 அடிக்கு 12 அடி வெள்ளைப் பருத்தித் துணி ஒன்று வாங்குங்கள். நீங்கள் எழுதியிருக்கும் குறைகளில் பெரும்பாலானவை பந்தல் கூரையில் தொடங்குகின்றன. அங்கேயே சரிசெய்தால் செலவும் குறைவு.

கன்னத்தில் விழுந்த பொட்டுகளை எடுத்துக்கொள்வோம். கீற்றின் சின்ன இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளைக் கேமரா போல வேலை செய்கிறது. கீழே விழுவது சூரியனின் பிம்பம்; கிரகணத்தன்று அதே பொட்டுகள் பிறை வடிவில் விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இடுக்கிலிருந்து முகம் வரை உள்ள தூரத்தில் ஏறக்குறைய 108இல் ஒரு பங்கு பொட்டின் அகலம். 2.8 மீட்டர் தூரம் என்றால் இரண்டரை சென்டிமீட்டர் வரும். மணையில் உட்கார்ந்த பெண்ணின் கன்னத்துக்குச் சரியாக நாணய அளவு. நிழலைவிட அந்தப் பொட்டு மூன்று, நான்கு ஸ்டாப் கூடுதல் வெளிச்சம் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு). நிழலுக்கு வெளிச்ச அளவு வைத்தால் பொட்டு வெந்து வெளுத்துப்போகும். பொட்டுக்கு வைத்தால் முகம் இருண்டுபோகும். அதோடு பொட்டு நிமிடத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் நகரும். மாலை மாற்றும்போது காதோரம் இருந்தது, தாலி கட்டும்போது மூக்கில் இருக்கும்.

அதற்குத்தான் துணி. மணமேடைக்கு மேல் மட்டும், கீற்றுக்கு ஓரடி கீழே, நான்கு மூலையிலும் கயிறு போட்டுக் கட்டுங்கள். நடுவே தொய்யாமல் இருக்கக் குறுக்கே ஒரு கயிறு ஓட வேண்டும். பொட்டுகள் துணியில் விழுந்து பரவி, துணி முழுவதும் ஒரே விளக்காகிவிடும். ஹோமம் உண்டா, குண்டம் எங்கே வைக்கிறார்கள் என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். குண்டத்துக்கு நேர் மேலே துணி வேண்டவே வேண்டாம். மற்ற இடத்திலும் சுடர் எட்டாத உயரம் இருக்க வேண்டும். பாலியஸ்டர் துணியைத் தொடாதீர்கள், தீப்பொறி பட்டால் உருகிச் சொட்டும்.

பச்சை வலைக்கும் இதே மருந்துதான், ஆனால் முழுக் குணம் கிடைக்காது. வலை வழியாக வருவது பச்சை வெளிச்சம், பக்கவாட்டில் திறப்பு வழியாக வருவது சாதாரணப் பகல் வெளிச்சம். ஒரு கன்னம் பச்சை, மறு கன்னம் சரி என்று ஆகிவிட்டால் ஒயிட் பேலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய வைக்கும் நிறச் சமன்) எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒன்று கெடும். அதனால் மணமேடைக்கு மேல் வலை வரக்கூடாது என்று பந்தல்காரரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வலையைச் சாப்பாட்டுப் பந்தி பக்கம் போடட்டும். நீலத் துணிப் பந்தலும் இப்படித்தான் முகத்தைக் கெடுக்கும். வெளிர் மஞ்சள் துணி பரவாயில்லை, தோலுக்குக் கொஞ்சம் சூடு கொடுக்கும், அவ்வளவுதான்.

அடுத்து வேட்டி. வெள்ளை வேட்டியும் மாநிற முகமும் ஒரே வெளிச்சத்தில் இருந்தால் இன்றைய கேமரா இரண்டையும் ஒரே படத்தில் தாங்கும். வேட்டி வெயிலிலும் முகம் நிழலிலும் இருந்தால்தான் சிக்கல், உங்களுக்கு நடந்தது அதுவாகவே இருக்க வேண்டும். மணமக்கள் கிழக்கு பார்த்து உட்காருவார்கள். வைகாசியில் உங்கள் ஊரில் 9 மணிக்கு வெயில் ஏறக்குறைய 45 டிகிரியில் நிற்கும். கூரை 10 அடி உயரம் என்றால், கிழக்கு ஓரத்திலிருந்து 10 அடி உள்ளே வரை தரையில் வெயில் அடிக்கும். ஓரத்திலிருந்து எட்டாவது அடியில் மணை போட்டால் முகம் நிழலில் இருக்கும், மடி வெயிலில் கிடக்கும். முகூர்த்தம் 7.30 என்றால் வெயில் 22 அடி வரை உள்ளே வந்து நேராகக் கண்ணில் அடிக்கும். அப்போது கிழக்கே ஒரு கீற்றுத் தட்டி கட்டாமல் தீராது. 9 மணி முகூர்த்தத்துக்கு மணையை நான்கைந்து அடி உள்ளே தள்ளச் சொன்னால் போதும். அப்படித் தள்ளிவிட்டால் இதுவரை தொல்லை கொடுத்த அதே வெயில் வெளியே சிமெண்டுத் தரையில் பட்டுத் திரும்பி, முகத்துக்கு முன்னாலிருந்து மென்மையாக வரும். இதைவிட நல்ல விளக்கை விலைக்கு வாங்க முடியாது.

பந்தல் முதல் நாளே எழும்பியிருக்கும். முகூர்த்த நேரத்துக்கே அங்கே போய், மணை போடும் இடத்தில் ஒருவரை உட்கார வைத்துப் பாருங்கள். மறுநாள் அதே நேரத்தில் சூரியன் நிற்கும் இடம் மாறுவது கண்ணுக்குத் தெரியாத அளவுதான்.

அளவு வைக்கும்போது வேட்டியின் மீது ஸ்பாட் மீட்டர் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளப்பது) பிடித்து, அது காட்டுவதைவிட இரண்டு ஸ்டாப் கூட்டுங்கள். வேட்டி வெள்ளையாகவும் இருக்கும், மடிப்பும் தெரியும். ஜரிகையிலும் நகையிலும் மின்னும் புள்ளிகள் வெந்தால் வேகட்டும். அரக்குப் பட்டில் மட்டும் ஒரு கண் வேண்டும். சாதாரண ஹிஸ்டோகிராம் (படத்தில் வெளிச்சம் எப்படிப் பதிந்தது என்று கேமரா காட்டும் வரைபடம்) சரி என்று சொல்லும்போதே சிவப்பு நிறத்தின் பதிவு மட்டும் உச்சத்தில் முட்டியிருக்கும். புடவை நெசவே இல்லாத ஒரு சிவப்புப் பரப்பாகிவிடும். மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். ரா (RAW, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) வடிவில் எடுப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கெட்டிமேளத்தின்போது ஒன்று நடக்கும். உட்கார்ந்திருந்த சொந்தபந்தம் எல்லாம் எழுந்து மணையைச் சூழ்ந்துவிடும். கிழக்கிலிருந்து வந்த வெளிச்சத்தை அவர்கள் முதுகு மறைக்கும். ஒரு ஸ்டாப், சில சமயம் இரண்டு ஸ்டாப் சட்டென்று இறங்கும். மேனுவலில் வைத்ததை நம்பி நின்றால் தாலி கட்டும் படம் இருட்டாகிவிடும். ஷட்டர் 1/200 விநாடி, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 4 என்று நிறுத்தி, ஐஎஸ்ஓவை (சென்சாரின் உணர்திறன்) ஆட்டோவில் 1600 வரை விடுங்கள். கேமரா மேல் இருக்கும் பிளாஷை மேலே திருப்பி அந்த வெள்ளைத் துணியில் அடியுங்கள். துணி இங்கே இரண்டாம் முறை சம்பாதிக்கிறது. கீற்றில் அடித்தால் பாதி வெளிச்சத்தை அது விழுங்கிவிடும், திரும்பி வருவதும் பழுப்பாக வரும்.

இனி தோப்பு. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் வெயில் 45 டிகிரியைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதற்கு மேல் புருவம் கண்ணுக்குக் கூரையாகிவிடும். வைகாசியில் இது 9 மணியிலிருந்து 3.15 வரை. 11.30க்கு வெயில் 75 டிகிரியை ஒட்டி நிற்கும், அந்த நேரத்தில் தென்னந்தோப்பு மிக மோசமான இடம். பந்தலில் பட்ட பாடு அத்தனையும் அங்கே மறுபடியும் இருக்கும். அடர்ந்த மாமர நிழலுக்கோ வீட்டுத் திண்ணைக்கோ போங்கள். நிழலின் நடுவே நிறுத்த வேண்டாம். விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே, முகம் வெளிப்பக்கம் பார்க்க நிறுத்துங்கள். எதிரே நெற்களமோ மணல்வெளியோ இருந்தால் வேலை முடிந்தது. எதிரே புல் என்றால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். தெர்மாகோல் அட்டையை நெஞ்சளவு உயரத்தில் பக்கவாட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். தரையில் வைத்தால் கீழிருந்து வெளிச்சம் வந்து முகம் விகாரமாகும். வெள்ளி ரிஃப்ளெக்டரைப் பகல் வெயிலில் பிடித்தால் இருவரும் கண்ணைச் சுருக்குவார்கள்.

பிளாஷ் ஏன் தோற்றது என்று தெரிந்துகொள்வது நல்லது. முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100, 1/200, எஃப் 11 என்பது சரியான அளவு. எஃப் 2.8 வேண்டும் என்றால் ஷட்டர் 1/3200க்குப் போக வேண்டும். அந்த வேகத்தில் ஷட்டர் முழுதாகத் திறக்காது, ஒரு மெல்லிய இடைவெளிதான் சென்சாரின் மேல் ஓடும். அது கடக்கும் வரை பிளாஷ் விட்டுவிட்டுத் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அதில் பெரும்பகுதி ஷட்டர் திரையில் பட்டு வீணாகிறது. இரண்டு ஸ்டாப்புக்கு மேல் இழப்பு. குடை இன்னும் இரண்டைத் தின்றிருக்கும். பின்வெயிலில் முகத்தைச் சற்றே நிரப்பத்தான் பிளாஷ் என்றால் குடையைக் கழற்றுங்கள், 10 அடியிலிருந்து 7 அடிக்குக் கொண்டுவாருங்கள். அதிலேயே ஒரு ஸ்டாப் கிடைக்கும். பின்னணி மங்கலாகத்தான் வேண்டும் என்றால் மூன்று ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி) போட்டு 1/200, எஃப் 4இல் எடுங்கள். ஃபில்டர் பிளாஷ் வெளிச்சத்தையும் அதே அளவு குறைக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆனால் துடிக்கும் இழப்பு இல்லாததால் சூடு குறையும்.

எடுத்த படங்களுக்கு வருகிறேன். பச்சை படிந்த முகங்களை ரா கோப்பில் முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு, டின்டை (பச்சையைக் கூட்டிக் குறைக்கும் அளவு) மெஜந்தா (கருஞ்சிவப்பு) பக்கம் நகர்த்துங்கள். இரண்டு கன்னமும் இரண்டு நிறமாக நிற்பவற்றைக் கறுப்பு வெள்ளையில் கொடுங்கள். ஆல்பத்தில் அப்படி நான்கு பக்கம் சேர்ந்து வந்தால் பார்க்கவும் நன்றாக இருக்கும். வெளுத்த வேட்டியில் நூல் திரும்பி வராது. அங்கே சாம்பல் நிறம் பூசாதீர்கள், அழுக்கு வேட்டி போலத் தெரியும். நெஞ்சளவோடு வெட்டிவிடுங்கள். கன்னத்துப் பொட்டை, தாலி கட்டும் படம் ஒன்றில் மட்டும் உட்கார்ந்து சரிசெய்யுங்கள். மற்றவற்றில் அதே நிமிடத்தில் எடுத்த வேறு படம் இருக்கிறதா என்று தேடுங்கள். பெண் தலையைச் சற்று அசைத்திருந்தால், அடுத்த படத்திலேயே பொட்டு கன்னத்திலிருந்து மாலைக்கு நகர்ந்திருக்கலாம்.